மருந்துச்சீட்டில் பிறக்கும் நோய்

இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனை விளையாட்டு வரலாற்றில் இடம்பெற்ற பெயர். முதுகுத்தண்டில் அடிபட்ட முன்னாள் போர்வீரர்களுக்காக 1948இல் அங்கே நடத்தப்பட்ட போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக் ஆக வளர்ந்தது. அதே மருத்துவமனை 2003க்கும் 2005க்கும் இடையே வேறொரு காரணத்துக்காகச் செய்தியில் அடிபட்டது. இரண்டு அலைகளாக வந்த ஒரு குடல்தொற்று அங்கே 334 பேரைத் தாக்கியது. குறைந்தது 33 பேர் அதனால் இறந்தனர். கென்ட் பகுதியின் மெய்ட்ஸ்டன், டன்பிரிட்ஜ் வெல்ஸ் மருத்துவமனைகளில் நிலைமை இன்னும் மோசம். 2004 ஏப்ரல் முதல் 2006 செப்டம்பர் வரை அங்கே ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்டோர் அதே தொற்றுக்கு ஆளானார்கள். ஏறத்தாழ 90 பேரின் சாவுக்கு அதுவே உறுதியான காரணம், அல்லது பெரும்பாலும் காரணம் என்று 2007இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது.

அந்த நோயை உண்டாக்கியது கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்னும் பாக்டீரியா. மருத்துவர்கள் சுருக்கமாக 'சி டிஃப்' என்பார்கள். விசாரணை அறிக்கைகளில் இருந்த விவரங்கள் பிரிட்டனை உலுக்கின. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையே போதிய இடைவெளி இல்லை. தொற்றாளரைத் தனியே வைக்க அறை இல்லை. கழிப்பறைக்கு அழைத்துப்போக ஆள் இல்லாமல், படுக்கையிலேயே கழித்துவிடும்படி நோயாளிகளிடம் சொல்லப்பட்டது. நிர்வாகமோ காத்திருப்பு நேர இலக்கிலும் வரவு செலவிலும் கண்ணாக இருந்தது. அசுத்தம்தான் காரணம் என்று மக்கள் முடிவுகட்டினார்கள். நாடு முழுவதும் மருத்துவமனைகளைக் கழுவித் துடைக்கும் பெரிய இயக்கத்தை அரசு அறிவித்தது.

பிறகு தொற்று உண்மையிலேயே குறைந்தது. இங்கிலாந்தில் 2007-08ஆம் ஆண்டில் பதிவான சி டிஃப் நோயாளிகள் 55,498 பேர். 2013-14இல் அந்த எண்ணிக்கை பதின்மூவாயிரம் சொச்சத்துக்கு இறங்கியது. இந்த வீழ்ச்சி துடைப்பத்தின் வெற்றியா? மரபணு ஆய்வுகள் வேறு விடை தருகின்றன. அந்த விடை புரிய வேண்டுமென்றால் இந்த நோய் எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தாமதமாகப் பிடிபட்ட குற்றவாளி

நோயின் முதல் தெளிவான மருத்துவக் குறிப்பு 1893ஐச் சேர்ந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஜான் ஃபின்னி என்ற அறுவை மருத்துவர் இரைப்பையில் அறுவை செய்த ஓர் இளம்பெண் கடும் வயிற்றுப்போக்கால் இறந்துபோனார். அவருடைய குடலின் உட்சுவரில் சவ்வு போன்ற படலம் படிந்திருந்தது. ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வராத காலம் அது. காரணம் தெரியவில்லை.

1935இல் ஐவன் ஹால், எலிசபெத் ஓடூல் என்ற இரு ஆய்வாளர்கள் பிறந்த குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்தபோது, காற்றில்லாச் சூழலில் மட்டுமே வளரும் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். ஆய்வகத்தில் அதை வளர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதன் நச்சு ஆய்வக விலங்குகளைக் கொன்றது. ஆனால் அதைச் சுமந்த குழந்தைகளோ நலமாக இருந்தன. எனவே மனிதருக்கு இதனால் கெடுதல் இல்லை என்று உலகம் அதை மறந்தது. குழந்தைகளின் குடலில் இது நோயில்லாமல் தங்கியிருப்பது இன்றும் சாதாரணம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று வழிகாட்டி நெறிகள் சொல்வது அதனால்தான்.

1950களில் ஆன்டிபயாட்டிக் பரவலானபோது சவ்வு படியும் குடல் அழற்சியும் கூடியது. பழி ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா மேல் விழுந்தது. திருப்பம் 1974இல் வந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஃபிரான்சிஸ் டெடெஸ்கோவும் சக மருத்துவர்களும் கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்ட 200 நோயாளிகளைக் கவனித்தனர். ஐந்தில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. எண்டோஸ்கோப்பி வழியே பார்த்தபோது பத்தில் ஒருவருக்குக் குடலில் அந்தச் சவ்வு. மருந்தே நஞ்சாகிறதா, அல்லது மருந்து வேறெதற்கோ வழிவிடுகிறதா என்ற கேள்வி எழுந்தது.

விடை தந்தவை ஹாம்ஸ்டர்கள். கிளிண்டாமைசின் கொடுத்தால் இந்தச் சிறு விலங்குகள் குடல் அழுகிச் செத்தன. ஜான் பார்ட்லெட்டின் குழு, செத்த ஹாம்ஸ்டரின் குடல் கசடை எடுத்து நலமான ஹாம்ஸ்டருக்கு ஏற்றியது. அதுவும் செத்தது. வான்கோமைசின் என்ற இன்னோர் ஆன்டிபயாட்டிக் கொடுத்தவரை ஹாம்ஸ்டர்கள் பிழைத்தன. ஆக, கொல்வது மருந்தல்ல, மருந்துக்குத் தப்பிய ஓர் உயிர். கிளாஸ்ட்ரிடியம் சார்டெல்லி என்ற இன்னொரு பாக்டீரியாவுக்கான எதிர்நச்சு இந்த நச்சையும் முறித்ததால் சந்தேகம் முதலில் அதன் மேல் திரும்பியது. கசடில் இருந்ததோ 1935இல் கண்டு மறந்த பாக்டீரியா. 1978க்குள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தனித்தனியே நடந்த ஆய்வுகள் இதே முடிவுக்கு வந்தன.

குடலுக்குள் நடப்பது

சி டிஃப் காற்றுப்பட்டால் சாகும். ஆனாலும் அது மருத்துவமனை முழுக்கப் பரவுகிறது. காரணம், சாகுமுன் அது தன் மரபுப்பொருளைத் தடித்த உறைகளுக்குள் பொதிந்து ஸ்போராக மாறிவிடும். ஸ்போர் உண்பதில்லை, வளர்வதில்லை, மாதக்கணக்கில் கட்டில் கம்பியிலும் கதவுப் பிடியிலும் கிடக்கும். கைகளில் தேய்க்கும் ஆல்கஹால் சானிடைசர் அதை ஒன்றும் செய்யாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவினால் அது சாவதில்லை, ஆனால் கையை விட்டுப் போய்விடும். தரையிலும் தளவாடங்களிலும் இருப்பதைக் கொல்லக் குளோரின் கலந்த கரைசல் வேண்டும்.

விழுங்கப்பட்ட ஸ்போர் இரைப்பை அமிலத்தையும் தாண்டிச் சிறுகுடலுக்கு வருகிறது. அதை எழுப்புவது கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்கள். அவற்றில் டாரோகோலேட் முக்கியமானது. ஆனால் எழுந்த பாக்டீரியா பெருங்குடலில் வேரூன்ற ஒரு தடை இருக்கிறது. நலமான குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் அந்தப் பித்த அமிலங்களை வேறு வடிவுக்கு மாற்றுகின்றன. மாறிய அமிலம் சி டிஃபின் வளர்ச்சியை முடக்கும். கிளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ் என்ற பாக்டீரியா இந்த வேலையைச் செய்து எலிகளைத் தொற்றிலிருந்து காப்பதை 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆன்டிபயாட்டிக் இந்தப் பாக்டீரியாக்களை அழித்துவிட்டால் எழுப்பும் அமிலம் மிஞ்சும், முடக்கும் அமிலம் இராது. பயிர் அடர்ந்த வயலில் முளைக்க முடியாத களை, பயிரை அறுத்ததும் தலைதூக்குவது போலத்தான்.

பெருகிய பாக்டீரியா இரண்டு நச்சுகளைச் சுரக்கிறது. ஏ, பி என்று பெயர். இவை குடல்சுவரின் செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல்லிடமுள்ள சர்க்கரை மூலக்கூறையே எடுத்து, ரோ என்ற புரதத்தின் மேல் ஒட்டிவிடுகின்றன. செல்லின் உள்சட்டகத்தைத் தாங்கி நிறுத்தும் கட்டளைகள் அந்தப் புரதத்தின் வழியேதான் செல்கின்றன. சர்க்கரை ஒட்டியதும் கட்டளை நின்றுபோகிறது. சட்டகம் சரிகிறது, செல் உருண்டையாகச் சுருங்குகிறது, பக்கத்துச் செல்லோடு இருந்த பிணைப்பு அறுகிறது. அந்த இடைவெளிகளில் நீர் கசிகிறது. வெள்ளணுக்கள், இறந்த செல்கள், ஃபைப்ரின் எல்லாம் சேர்ந்து மஞ்சள் நிறத் திட்டுகளாகப் படிகின்றன. ஃபின்னி பார்த்த சவ்வு இதுதான்.

பாதிப்பின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு நாளைக்கு மூன்று நான்கு முறை நீராய்ப் போவதோடு நின்றுவிடும். சிலருக்குக் காய்ச்சல், வயிற்றுவலி, வெள்ளணு ஏற்றம், சிறுநீரகச் சுணக்கம். மிகச் சிலருக்குப் பெருங்குடல் வீங்கி அசைவற்றுப்போய், அதை வெட்டி எடுக்க வேண்டிய நிலை. 65 வயதைக் கடந்தவர்கள், நெடுநாள் மருத்துவமனையில் இருப்பவர்கள், நோயெதிர்ப்பு குன்றியவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டு மட்டும் ஏறத்தாழ நாலரை லட்சம் பேருக்கு இத்தொற்று வந்ததாகவும், அவர்களில் சுமார் 29,000 பேர் ஒரு மாதத்துக்குள் இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டது.

ஒரு வகையின் எழுச்சி

2003இல் ஏன் திடீரென்று இவ்வளவு சாவு? முதல் எச்சரிக்கை கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்தது. ஷெர்புரூக் பகுதியில் 1991இல் ஒரு லட்சம் பேருக்கு 35.6 ஆக இருந்த நோய்வீதம் 2003இல் 156.3 ஆனது. 65 வயதுக்கு மேற்பட்டோரிடையே 102இலிருந்து 866.5க்கு ஏறியது. பரவியது 027 என்று எண்ணிட்ட ஒரு வகை. ஆய்வகத்தில் அது மற்றவற்றைவிடக் கூடுதலாக நச்சு சுரந்தது. மூன்றாவதாக ஒரு நச்சும் அதனிடம் இருந்தது.

ஆனால் அதன் பெரிய பலம் வேறு. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளூரோகுயினோலோன் மருந்துகளுக்கு அது அடங்காது. 2013இல் வெளியான மரபுத்தொகை ஆய்வு ஒன்று, இந்த எதிர்ப்பைப் பெற்ற இரண்டு கால்வழிகள் வட அமெரிக்காவில் தனித்தனியே தோன்றியதையும், அவற்றில் ஒன்று பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா வரை போனதையும் வழி வழியாகத் தடம்பிடித்தது. அக்காலத்தில் சிறுநீர்த் தொற்றோ சளியோ என்று வந்த முதியவர்களுக்கு இம்மருந்துகள் தாராளமாக எழுதப்பட்டன. மருந்து குடலைக் காலி செய்தது. காலியான குடலில் அந்த மருந்துக்கு அஞ்சாத 027 குடியேறியது.

துடைப்பமும் மருந்துச்சீட்டும்

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் பகுதியில் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் சி டிஃப் மாதிரிகளைத் திரட்டி ஒவ்வொன்றின் மரபுத்தொகையையும் முழுவதும் படித்தார்கள். நோயாளியிடமிருந்து நோயாளிக்குப் பரவியிருந்தால் இரண்டு பாக்டீரியாக்களின் மரபெழுத்தும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். 2013இல் வந்த முடிவு பலரை வியக்கவைத்தது. முந்தைய நோயாளி ஒருவரோடு அப்படி நெருங்கிப் பொருந்தியவை 35 சதவீதம் மட்டுமே. 45 சதவீதம் அதுவரை வந்த எல்லாரிடமிருந்தும் வெகுவாக வேறுபட்டவை. அதாவது பெரும்பாலோர் பக்கத்துக் கட்டிலிலிருந்து நோயை வாங்கவில்லை. ஸ்போர் வேறெங்கிருந்தோ அவர்களுக்குள் வந்திருக்கிறது.

2017இல் அதே வட்டாரத்திலிருந்து வந்த இன்னோர் ஆய்வு நேரடியான ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டது. கைகழுவலும் துப்புரவும்தான் தொற்றைக் குறைத்தன என்றால், எல்லா வகை சி டிஃபும் ஒரே அளவில் குறைந்திருக்க வேண்டும். பினாயிலுக்கோ குளோரினுக்கோ எது எந்த வகை என்று தெரியாது. நடந்தது அதுவல்ல. ஃப்ளூரோகுயினோலோனுக்கு அடங்காத வகைகள் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் 2006 செப்டம்பரில் ஏறத்தாழ 67 சதவீதமாக இருந்தன. 2013 பிப்ரவரியில் 3 சதவீதம் அளவுக்கு விழுந்தன. அம்மருந்துக்கு அடங்கும் வகைகள் குறையவே இல்லை. இடையில் மாறியது, மருத்துவர்கள் அம்மருந்தை எழுதும் வழக்கம். கிளிண்டாமைசின், செஃபலோஸ்போரின், சிப்ரோஃப்ளாக்சசின், கோ-அமாக்ஸிகிளாவ் என்ற நான்கையும் பிரிட்டன் மருத்துவமனைகள் கட்டுக்குள் கொண்டுவந்திருந்தன. மருந்து பின்வாங்கியதும் 027க்குச் சாதகமான களம் போய்விட்டது.

இதனால் துப்புரவு வீண் என்று ஆகிவிடாது. மூன்றில் ஒரு பங்குத் தொற்று முந்தைய நோயாளியோடு பொருந்துகிறது என்றால் அது பெரிய பங்குதான். ஆனால் ஸ்போர் நம்மைச் சுற்றி இருந்துகொண்டே இருக்கும். அது நோயாக மாறுவதா இல்லையா என்பது குடலின் நிலையைப் பொறுத்தது. குடலின் நிலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மருந்துச்சீட்டு. ஆன்டிபயாட்டிக் சாப்பிடும் நாட்களிலும் அடுத்த ஒரு மாதத்திலும் ஆபத்து பல மடங்கு. மூன்று மாதம் வரை அது முற்றிலும் நீங்குவதில்லை.

கண்டறிதலும் மருந்தும்

ஒருவர் குடலில் சி டிஃப் இருப்பதும் அவருக்கு சி டிஃப் நோய் இருப்பதும் ஒன்றல்ல. நோயில்லாமல் அதைச் சுமப்பவர்கள் உண்டு. பிசிஆர் சோதனை மரபணு இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். நச்சு சுரக்கிறதா என்பதை நச்சுச் சோதனைதான் சொல்லும். எனவே இரண்டையும் படிப்படியாகச் செய்வதே நல்ல வழக்கம். ஒரே நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ, வேறு காரணமின்றி, உருவற்ற மலம் போகிறவருக்கே சோதனை. பேதிமருந்து கொடுத்துவிட்டு அதன்பின் சோதித்தால் இல்லாத நோய் இருப்பதாக வரலாம். குணமானபின் மறுபடி சோதிப்பதும் வீண். நலமான பிறகும் பல வாரங்கள் சோதனை 'உண்டு' என்றே காட்டக்கூடும்.

சிகிச்சையின் முதல் படி, நோயைக் கிளப்பிய ஆன்டிபயாட்டிக்கை முடிந்தால் நிறுத்துவது. அடுத்து, பத்து நாள் ஃபிடாக்ஸோமைசின் அல்லது வான்கோமைசின். வான்கோமைசினை வாய்வழியே கொடுக்க வேண்டும். இரத்தத்தில் சேராமல் குடலிலேயே தங்குவதால் பெருங்குடலைச் சென்றடைகிறது. ஊசியாக ஏற்றினால் அங்கே போகாது. அதனால்தான் மாத்திரை கிடைக்காத இடங்களில் ஊசிக்கான தூளையே கரைத்துக் குடிக்கக் கொடுக்கிறார்கள். பல்லாண்டு முதல் மருந்தாக இருந்த மெட்ரோனிடசோல், இவ்விரண்டும் கிடைக்காத இடத்தில் கடுமையற்ற நோய்க்கு மட்டும் என்று பின்தள்ளப்பட்டுவிட்டது.

இந்நோயின் பெரிய தலைவலி அது திரும்பி வருவது. குணமானவரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மீண்டும் வரும். ஒருமுறை திரும்பியவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு இன்னும் கூடுதல். வான்கோமைசின் பாக்டீரியாவைக் கொல்கிறது, ஸ்போரைத் தொடுவதில்லை. கூடவே, தலையெடுக்கப் பார்க்கும் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழிக்கிறது. ஃபிடாக்ஸோமைசின் இந்த வகையில் மிதமானது. 2011இல் வந்த ஒப்பீட்டு ஆய்வில் அதை எடுத்தவர்களில் 15 சதவீதத்தினருக்கும், வான்கோமைசின் எடுத்தவர்களில் 25 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. அதன் விலைதான் அதிகம்.

இழந்ததைத் திருப்பித் தருதல்

குடல்வாழ் உயிர்களை இழந்ததே நோய்க்குக் காரணம் என்றால் அவற்றைத் திருப்பித் தருவதே நேரான மருத்துவம். 1958இல் அமெரிக்காவின் டென்வரில் பென் ஐஸ்மன் என்ற அறுவை மருத்துவர், சாகும் நிலையில் இருந்த நான்கு நோயாளிகளுக்கு நலமானவரின் மலத்தைக் கரைத்து எனிமாவாகக் கொடுத்தார். நான்கு பேரும் தேறினார்கள். நோய்க்கிருமி எதுவென்றே உலகுக்குத் தெரியாத காலத்தில் நடந்தது இது.

முறையான சோதனைக்கு 55 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2013இல் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள், நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். மலக்கரைசலைக் குழாய்வழியே சிறுகுடலில் பெற்ற 16 பேரில் 13 பேர் ஒரே முறையில் குணமானார்கள். இரண்டாம் முறைக்குப் பின் 15 பேர். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் குணமானது 4 பேர்தான். வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே இடையில் நிறுத்திவிட்டார்கள்.

ஆபத்து இல்லாமல் இல்லை. கொடையாளியின் மலத்திலிருந்த மருந்துக்கு அடங்காத ஈ.கோலை தொற்றி அமெரிக்காவில் ஒருவர் இறந்ததை 2019இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது. அதன்பின் கொடையாளிப் பரிசோதனை கடுமையாயிற்று. 2022இல் ஆசனவாய்வழி தரும் ரீபயோட்டாவும், 2023இல் வாய்வழிக் கேப்சூலான வௌஸ்ட்டும் அங்கே அனுமதி பெற்றன. வௌஸ்ட் தயாரிக்கும் விதம் கவனிக்கத்தக்கது. கொடையாளியின் மலத்தை எத்தனாலில் ஊறவைக்கிறார்கள். கிருமிகள் பலவும் சாகின்றன, நல்ல பாக்டீரியாக்களின் ஸ்போர்கள் மட்டும் பிழைக்கின்றன. சானிடைசரைத் தோற்கடிக்கும் அதே பண்பு இங்கே மருந்தாகிறது. சோதனையில், எட்டு வாரத்துக்குள் நோய் திரும்பியது கேப்சூல் எடுத்தவரில் 12 சதவீதத்தினருக்கு. வெற்றுக் கேப்சூல் எடுத்தவரிலோ 40 சதவீதத்தினருக்கு.

தடுப்பூசி இன்னும் கைகூடவில்லை. சனோஃபி நிறுவனம் தன் முயற்சியை 2017இல் கைவிட்டது. ஃபைசரின் தடுப்பூசி நோயின் கடுமையைக் குறைப்பதாகத் தெரிந்தபோதும், நோயைத் தடுக்கும் முதன்மை இலக்கை எட்டவில்லை.

நம் பக்கம்

இந்தியாவில் ஆன்டிபயாட்டிக் அடங்காமை குறித்த விவாதத்தில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. மருத்துவச் சங்கங்கள் 2012இல் இங்கே கூடி உருவாக்கிய செயல்திட்டம் 'சென்னைப் பிரகடனம்' என்றே அழைக்கப்படுகிறது. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஹெச்1 பட்டியல், மூன்றாம் தலைமுறைச் செஃபலோஸ்போரின் உள்ளிட்ட மருந்துகளை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்கிறது. ஆனால் தடுமனுக்கும் காய்ச்சலுக்கும் "ஒரு ஆன்டிபயாட்டிக் குடுங்க" என்று கேட்டு வாங்கிப்போகும் பழக்கம் அந்தப் பதிவேட்டுக்கு வெளியே நடந்துகொண்டுதான் இருக்கிறது. தடுமன் வைரஸால் வருவது. அங்கே ஆன்டிபயாட்டிக்கால் பலன் ஏதுமில்லை, குடல் மட்டும் பாதிக்கப்படுகிறது.

செப்சிஸ் போன்ற உயிர்போகும் தொற்றில் ஆன்டிபயாட்டிக்கைத் தயங்காமல் கொடுக்கத்தான் வேண்டும். தவிர்க்க வேண்டியவை தேவையில்லாத தொடக்கமும், தேவைக்கு மேற்பட்ட நாட்களும், குறுகிய வீச்சு மருந்து போதுமான இடத்தில் எழுதப்படும் அகன்ற வீச்சு மருந்தும். ஆன்டிபயாட்டிக் எடுத்து மூன்று மாதத்துக்குள் வயிற்றுப்போக்கு விடாமல் தொடர்ந்தால், என்ன மருந்து, எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். போக்கை நிறுத்தும் மாத்திரையைத் தாமாக வாங்கிப் போட்டுக்கொண்டால் குடல் அசைவு அடங்கி நச்சு உள்ளேயே தங்கக்கூடும். வீட்டில் நோயாளியைக் கவனிப்பவர் சானிடைசரை நம்பாமல் சோப்பில் கைகழுவ வேண்டும், கழிப்பறையைப் பிளீச்சிங் கரைசலால் துடைக்க வேண்டும்.

மருத்துவமனைகளுக்கு இங்கிலாந்து தரும் பாடம் இன்னும் குறிப்பானது. அங்கே சி டிஃபை எண்ணுவது 2004 முதலே கட்டாயம். அந்த எண் இல்லாதிருந்தால் எந்த மருந்தைக் குறைத்ததால் எது குறைந்தது என்று எவராலும் சொல்லியிருக்க முடியாது. நம் பெரிய மருத்துவமனைகள் இந்த நச்சுச் சோதனையை வழக்கமாக்கி, மாதந்தோறும் வந்த தொற்றின் எண்ணிக்கையையும் அதே மாதம் செலவான ஃப்ளூரோகுயினோலோன், செஃபலோஸ்போரின் அளவையும் ஒரே அட்டவணையில் வெளியிடட்டும். தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவின் கூட்டத்தில் துப்புரவு மேற்பார்வையாளரிடம் கேட்கும் கேள்விகளை மருந்து எழுதும் துறைத்தலைவர்களிடமும் அப்போது கேட்க முடியும்.